வெல்டர் வீட்டுக்குப் போன பிறகு வர்ற விரிசல்

இன்னைக்கு எபிசோட் இரும்பைப் பத்தி. இன்னும் சரியா சொன்னா, நல்லா இருக்கிற இரும்பு ஏன் திடீர்னு உடையுது என்பதைப் பத்தி. பாலிடெக்னிக் பாடம் மாதிரி இருக்கும்னு நினைச்சு ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. இதுல ஒரு பாலம் வருது, ஒரு போர் வருது, 17 பேர் செத்த ஒரு சாயங்காலம் கூட வருது.

நான் இருக்கிறது எம்.எம்.டி.ஏ. மாத்தூர்ல. மணலியை ஒட்டின ஊர். ராத்திரி மொட்டை மாடிக்குப் போனா, சுத்திகரிப்பு ஆலையோட ஃப்ளேர் எரியறது தெரியும். கெமிஸ்ட்ரி புக்ல வர்ற பாதிப் பொருள் இந்த ஏரியாவுல குழாய்க்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு: கச்சா எண்ணெய், நாஃப்தா, எல்.பி.ஜி., அம்மோனியா, ஹைட்ரஜன். அந்தக் குழாய், டேங்க், டவர் எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிறது வெல்டு. நான் கோடு எழுதிச் சம்பாதிக்கிறவன். ஆனா என் தெருவுல பாதிப் பேர் வெல்டர், ஃபிட்டர், ரிகர்.

எதிர் வீட்டு அண்ணன் ஒருத்தர் முப்பது வருஷம் ஷட்டவுன் வேலை பார்த்தவர். ஆலையை நிறுத்தி, பழுது பார்த்து, திரும்ப ஓட்டுவாங்க இல்லையா, அந்த வேலை. அவர்கிட்ட ஒரு நாள் வெல்டிங் ராடு பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். "செவன்டி எய்ட்டீன் ராடை ஓவன்ல போட்டு 300, 350 டிகிரில ரெண்டு மணி நேரம் காயவெக்கணும்டா தம்பி. அப்புறம் க்விவர்ல சூடாவே எடுத்துட்டுப் போகணும். வெளிய எடுத்து நாலு மணி நேரம் தாண்டிட்டா திரும்ப ஓவனுக்கு"ன்னார். ஏன்ணா, அப்படி என்ன ஆயிடும்னு கேட்டேன். "ஈரம் ஏறிடும்." ஏறினா? "வெல்டு நல்லாத்தான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும். ரெண்டு நாள் கழிச்சு உடையும்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைப் பிடிச்சுக்கிச்சு. செய்யும்போது நல்லா இருந்து, செக் பண்ணும்போதும் நல்லா இருந்து, ரெண்டு நாள் கழிச்சு உடையற ஒரு பொருள். எங்க தொழில்ல இதுக்கு ரேஸ் கண்டிஷன்னு ஒரு சொந்தக்காரன் உண்டு. டெஸ்ட்ல பாஸ் ஆகும், வெள்ளிக்கிழமை ப்ரொடக்ஷனுக்குப் போகும், ஞாயித்துக்கிழமை போன் வரும். ஆனா எங்க பக் யாரையும் பெரும்பாலும் கொல்றதில்லை.

கதை 1875-ல ஆரம்பிக்குது. டபிள்யூ. எச். ஜான்சன்னு ஒரு ஆங்கிலேயர், லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை கொடுக்கிறார். அவர் செஞ்ச சோதனை ரொம்ப எளிமையானது. இரும்புக் கம்பியைக் கொஞ்ச நேரம் அமிலத்துல முக்கி எடுக்கிறார். முக்கறதுக்கு முன்னாடி நல்லா வளைஞ்ச கம்பி, முக்கி எடுத்த பிறகு வளைச்சா படக்குனு உடையுது. உடைஞ்ச இடத்தை ஈரம் பண்ணிப் பார்த்தா, உலோகத்துக்குள்ளேயிருந்து நுரை மாதிரி குமிழ் வருது. இரும்பு மூச்சு விடற மாதிரி. அந்த வாயு ஹைட்ரஜன். அமிலத்துல இருந்த ஹைட்ரஜன் அணு இரும்புக்குள்ள புகுந்திருக்கு. அதைவிட விசித்திரம், அதே கம்பியைச் சும்மா சில நாள் வெச்சுட்டா அது பழையபடி வளைய ஆரம்பிச்சிடுது. சூடு பண்ணினா இன்னும் சீக்கிரம் சரியாகுது. புகுந்த ஹைட்ரஜன் வெளிய போயிடுது, அவ்வளவுதான்.

யோசிச்சுப் பாருங்க, நம்ம அண்ணன் சொன்ன ஓவன், சூடு, காத்திருக்கிறது எல்லாத்துக்கும் விதை அந்த ஒரு கட்டுரையிலேயே இருக்கு. ஆனா அப்போ இதை வெல்டிங்கோட யாரும் சேர்த்துப் பார்க்க முடியாது. ஏன்னா இன்னைக்கு நாம சொல்ற வெல்டிங்கே அப்போ கிடையாது. அந்தக் காலத்து இரும்பு வேலை எல்லாம் ரிவெட். 1914-ல திறந்த பழைய பாம்பன் பாலம் ரிவெட் அடிச்சது. 1943-ல திறந்த ஹவுரா பாலம் கூட ரிவெட்தான். ரிவெட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு பிளேட்டுல விரிசல் விட்டா, அது அந்தப் பிளேட்டோட விளிம்புல நின்னுடும். பக்கத்துப் பிளேட்டுக்குத் தாவாது. வெல்டிங் வந்ததும் எல்லாம் ஒரே துண்டு ஆயிடுச்சு. எடை குறைஞ்சது, வேகம் கூடுச்சு. விரிசலுக்கும் ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி ஆச்சு.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெர்க் 1904-ல ஈசாப் கம்பெனியை ஆரம்பிச்சார். இன்னைக்கு நம்ம அம்பத்தூர்ல போர்டு பார்க்கிறீங்களே, அந்த ஈசாப்தான். வெறும் கம்பியை வெச்சு வெல்டு பண்ணினா காத்துல இருக்கிற ஆக்சிஜனும் நைட்ரஜனும் உருகின இரும்புல கலந்து கெடுத்துடும். அதனால அவர் கம்பி மேல ஒரு பூச்சு பூசினார். பூச்சு எரிஞ்சு வாயுவும் கசடும் உண்டாகி, உருகின இரும்பைப் போர்வை மாதிரி மூடிக் காப்பாத்தும். இந்தப் பூச்சு இல்லைன்னா இருபதாம் நூற்றாண்டுக் கட்டுமானமே வேற மாதிரி இருந்திருக்கும். ஆனா அதே பூச்சு வழியாத்தான் ஹைட்ரஜனும் உள்ளே வந்தது. பிற்பாடு வந்த பூச்சுகள்ல செல்லுலோஸ் ஒரு முக்கிய வகை. அது கிட்டத்தட்ட மர நார்; எரிஞ்சா ஹைட்ரஜன் வரும். மத்த பூச்சுகள்லேயும் ஈரம் இருக்கும். ஆர்க்கோட சூட்டுல தண்ணீர் மூலக்கூறு பிஞ்சு, ஹைட்ரஜன் தனித்தனி அணுவா மாறி, உருகின இரும்புக்குள்ள தாராளமா கரையும். இரும்பு உறையும்போது அவ்வளவு ஹைட்ரஜனுக்கு உள்ளே இடம் கிடையாது. கொஞ்சம் வெளிய ஓடும். மிச்சம் உள்ளே மாட்டிக்கும்.

எவ்வளவுன்னு பார்த்தா சிரிப்பு வரும். 100 கிராம் வெல்டு உலோகத்துல எத்தனை மில்லிலிட்டர் ஹைட்ரஜன்னு அளப்பாங்க. செல்லுலோஸ் ராடுல 30 மில்லிலிட்டருக்கு மேல போகும். நல்லா காயவெச்ச செவன்டி எய்ட்டீன்ல 5-க்குக் கீழ கொண்டு வரலாம். 5 மில்லிலிட்டர்னா எடையில ஒரு டன் இரும்புக்கு நாலரை கிராம். ஒரு டன்னுக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவுதான்.

அப்புறம் ஏன் நம்ம தெருவுல கேட்டு, கிரில் அடிக்கிற பட்டறைக்காரர் ஓவனே இல்லாம, மழை ஈரத்துல கிடந்த சிக்ஸ்டி தர்ட்டீன் ராடை எடுத்து வெல்டு பண்ணியும் கேட்டு இருபது வருஷம் நிக்குது? இது நியாயமான கேள்வி. இதுக்கு பதில் நம்ம பெரம்பூர்லயே இருக்கு. 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்து வெச்ச ஐ.சி.எஃப். ஸ்விட்சர்லாந்தோட ஷ்லீரன் கம்பெனி தொழில்நுட்பம். ரிவெட் இல்லாத, முழுக்க வெல்டு பண்ணின ரயில் பெட்டி. வட சென்னைக்காரங்க ஆயிரக்கணக்கான பேர் வெல்டிங்கை ஒரு தொழிலாவே கத்துக்கிட்ட இடம் அது. அங்க ஹைட்ரஜன் விரிசல் பெரிய தலைவலியா இருந்திருக்க வாய்ப்பு குறைவு. காரணம் அந்தப் பெட்டியோட தகடு: கார்பன் கம்மியான, மெல்லிசான தகடு. மெல்லிசா இருந்தா ஹைட்ரஜன் வெளிய ஓட தூரம் கம்மி. கார்பன் கம்மியா இருந்தா இரும்பு எவ்வளவு வேகமா ஆறினாலும் கண்ணாடி மாதிரி கெட்டி ஆகாது.

அதாவது ஹைட்ரஜன் மட்டும் இருந்தா போதாது. மூணு விஷயம் ஒண்ணு சேரணும். உள்ளே ஹைட்ரஜன் இருக்கணும். இரும்பு கெட்டியா, விறைப்பா மாறியிருக்கணும். அதை ஏதாவது ஒண்ணு இழுத்துக்கிட்டு இருக்கணும். இதுல பயங்கரம் என்னன்னா, வெல்டிங் இந்த மூணையும் ஒரே கையால கொண்டு வந்து கொடுக்குது. ராடு ஹைட்ரஜனைக் கொடுக்குது. வெல்டுக்குப் பக்கத்துல உருகாம, ஆனா கடுமையா சூடாகி, சுத்தி இருக்கிற குளிர்ந்த இரும்பால சட்டுனு ஆறிப்போற ஒரு பட்டை இருக்கு. ஹாஸ்னு சொல்வாங்க, வெப்பம் பட்ட பகுதி. கார்பனும் கலப்பு உலோகமும் அதிகமான ஸ்டீலா இருந்தா, அந்தப் பட்டை மார்ட்டென்சைட்ங்கிற கெட்டியான உருவத்துக்கு மாறிடும். கடைசியா, ஆறும்போது வெல்டு சுருங்குது இல்லையா, அந்தச் சுருக்கமே சுத்தி இருக்கிற இரும்பை இழுக்குது. வெளியிலேர்ந்து யாரும் பாரம் ஏத்த வேண்டியதில்லை.

சூடு 200 டிகிரிக்குக் கீழ இறங்கின பிறகுதான் ஆட்டம் ஆரம்பிக்கும். ஹைட்ரஜன் அணு ரொம்பச் சின்னது. இரும்பு அணுக்களுக்கு நடுவுல சந்து பொந்துல புகுந்து மெதுவா நகர்ந்து, எங்க இழுவிசை அதிகமோ அங்க போய்ச் சேரும். சேர்ந்து சேர்ந்து ஒரு அளவு வந்ததும் ஒரு நூல் விரிசல். திரும்ப நகரும், திரும்பச் சேரும், விரிசல் இன்னும் கொஞ்சம். இதுக்குச் சில மணி நேரம் ஆகலாம், சில நாள் ஆகலாம். வெல்டர் கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். அப்பத்தான் உள்ளே விரியுது. பல சமயம் வெல்டு ஓரத்துக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், மேலே ஒண்ணும் தெரியாது. உயர் வலிமை ஸ்டீல் சிலதுக்கு, வெல்டு முடிஞ்சு குறைஞ்சது 48 மணி நேரம் கழிச்சுத்தான் சோதனை பண்ணணும்னு அமெரிக்க வெல்டிங் சொசைட்டி விதி போட்டிருக்கிறது இதனாலதான்.

இதையெல்லாம் மனுஷங்க தெளிவாப் புரிஞ்சுக்கிட்டது ரெண்டாம் உலகப் போர்ல. இங்க ஒரு தகவலைச் சரி பண்ணிக்கலாம். போர்க்கால வெல்டிங்னா எல்லாரும் சொல்ற கதை, நடுவுல ரெண்டா பிளந்த கப்பல்கள். 1943 ஜனவரி 16-ஆம் தேதி ஓரிகன் மாநிலத்துல, அலையே இல்லாத தண்ணில, துறையில சும்மா நின்னுக்கிட்டிருந்த ஷெனெக்டடிங்கிற டாங்கர் பெரிய சத்தத்தோட பிளந்தது. யூட்யூப்ல பல பேர் இதை ஹைட்ரஜன் கணக்குல எழுதுறாங்க. அது சரியில்லை. அந்தக் கப்பல் ஸ்டீல் குளிர்ல விறைச்சுப் போற ரகம். கேம்பிரிட்ஜ்ல கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி அதைக் காட்டினார். அந்தம்மாவுக்குத் தனி எபிசோடே போடலாம்.

ஹைட்ரஜன் கதை நடந்தது டாங்கியில. கவச ஸ்டீல்னா கெட்டியா இருக்கணும், அதுதான் அதோட வேலையே. ஆக மேலே சொன்ன ரெண்டாவது நிபந்தனை எப்பவுமே தயாரா இருக்கு. சாதாரண ராடுல வெல்டு பண்ணினா வெல்டுக்கு அடியில விரிசல். அதனால ஸ்டெயின்லெஸ் ராடு போட்டாங்க. ஸ்டெயின்லெஸ்ஸோட படிக அமைப்பு ஹைட்ரஜனை உள்ளேயே பிடிச்சு வெச்சுக்கும், பக்கத்துல விடாது. ஆனா அதுக்கு நிக்கலும் குரோமியமும் வேணும். போர்க்காலத்துல அது ரெண்டும் தங்கம் மாதிரி. அப்பத்தான் சுண்ணாம்புக்கல்லும் ஃப்ளோர்ஸ்பாரும் கலந்த பூச்சுக்கு மவுசு வந்தது. எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடு வருமே தவிர ஹைட்ரஜன் வராது. பூச்சை அதிக சூட்டுல சுட்டு ஈரத்தையும் துரத்தினாங்க. அதுதான் லோ ஹைட்ரஜன் ராடு. நம்ம அண்ணன் கையில இருக்கிற செவன்டி எய்ட்டீன் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 70-ன்னா ஒரு சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசை தாங்கும். 1-ன்னா எந்த நிலையிலயும் வெல்டு பண்ணலாம். கடைசி எண் அது லோ ஹைட்ரஜன் வகைன்னு காட்டுது.

மருந்து கிடைச்சாச்சு, நோய் போயிடுச்சுன்னு நினைப்பீங்க. மெல்போர்ன்ல கிங் ஸ்ட்ரீட் பாலம் திறந்தது 1961. அடுத்த வருஷமே, 1962 ஜூலை 10-ஆம் தேதி, குளிர்காலக் காலை. கிட்டத்தட்ட 45 டன் எடையோட ஒரு லாரி மேல போகுது. கர்டர்கள் உடைஞ்சு பாலம் தொங்கிடுச்சு. கீழே இருந்த கான்கிரீட் சுவர் தாங்கிக்கிட்டதால யாரும் சாகலை. ராயல் கமிஷன் போட்டு விசாரிச்சாங்க. கர்டரோட அடிப்பக்கம் கூடுதலா ஒரு பிளேட் வெச்சு வெல்டு பண்ணியிருந்தாங்க. அந்த பிளேட் முடியற இடத்துல குறுக்கா போட்ட வெல்டு. அதோட ஹாஸ்ல விரிசல். ஸ்டீல் அதிக வலிமை ரகம், கார்பன் ஏறக்குறைய எல்லையில இருந்தது, அந்த வெல்டுக்கு வேண்டிய கவனம் கொடுக்கலை. எனக்கு இதுல ரொம்ப உறுத்தின விஷயம், விரிசல்ல சிலது பட்டறையிலேயே வந்தவை. பாலம் நிக்கறதுக்கு முன்னாடியே. சோதனை பண்ணினவங்க பார்த்தும் கண்ணுல படலை.

இதுவரைக்கும் ஹைட்ரஜன் உள்ளே வர்ற வழி ராடு. இனிமே சொல்லப் போறதுல வழி வேற. மணலி பக்கத்துல குடியிருக்கிறவங்க கொஞ்சம் கவனமா கேளுங்க.

அமெரிக்காவுல சிகாகோ பக்கத்துல ரோமியோவில்ங்கிற ஊர். யூனியன் ஆயில் கம்பெனியோட சுத்திகரிப்பு ஆலை. அங்க ஒரு உயரமான டவர், கிட்டத்தட்ட 19 மீட்டர். ஒரு அங்குல கனமான சாதாரண கார்பன் ஸ்டீல். அதோட வேலை, புரொப்பேன், பியூட்டேன் வாயுவுல கலந்திருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடை அமீன் திரவத்தால கழுவி எடுக்கிறது. 1970-ல ஓட ஆரம்பிச்சது. ஹைட்ரஜன் சல்ஃபைடு ஈரத்தோட சேர்ந்தா ஸ்டீலைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். அரிக்கும்போது ஹைட்ரஜன் அணு பிறக்கும். ஜான்சனோட அமிலக் கிண்ணம் ஞாபகம் இருக்கா? அதே கிண்ணம், 19 மீட்டர் உயரத்துல, வருஷம் முழுக்க.

1974-ல டவரோட கீழ்ப்பக்கத்துல ஒரு வளையம் கெட்டுப்போச்சு. அந்த ஒரு வளையத்தை மட்டும் அறுத்தெடுத்துட்டு, புதுசு ஒண்ணை அந்த இடத்துலயே நிறுத்தி வெச்சு வெல்டு பண்ணினாங்க. வெல்டு பண்ணின பிறகு, 600 டிகிரி பக்கத்துல சூடேத்தி மெதுவா ஆறவிடற ஒரு முறை உண்டு. ஸ்ட்ரெஸ் ரிலீவிங்னு நம்ம ஷட்டவுன் அண்ணன்கள் சொல்வாங்க. அதைப் பண்ணினா கெட்டியான ஹாஸ் கொஞ்சம் இளகும், உள்ளே மாட்டின இழுவிசையும் தளரும். அதை அங்க பண்ணலை. அந்தக் கனத்துக்கு அன்னைக்கு இருந்த விதி அதைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

இதை ஒரு நிமிஷம் யோசிங்க. அந்த வெல்டு மோசமான வெல்டு இல்லை. பத்து வருஷம் நின்னுச்சு. ஆனா அந்த வளையத்தைச் சுத்தி, ஒரு விரல் அகலம் கூட இல்லாத ஒரு கெட்டியான பட்டையை அது விட்டுட்டுப் போச்சு. டவர் முழுக்க ஹைட்ரஜன் ஊறிக்கிட்டு இருக்கு. மத்த இடத்துல மெத்துனு இருக்கிற ஸ்டீல் தாங்கிக்குது. அந்தப் பட்டையில மட்டும் தாங்கலை. உள்பக்கத்துலேர்ந்து விரிசல் வருஷக் கணக்கா வளர்ந்துக்கிட்டே வந்தது.

1984 ஜூலை 23, சாயங்காலம். டவர் அடியில படுக்கை வசத்துல ஆறு அங்குல நீளத்துக்கு ஒரு விரிசல், அதுலேர்ந்து வாயு வர்றதை ஒரு ஆபரேட்டர் பார்த்தார். வால்வை மூடப் போனார். அவர் மூடிக்கிட்டிருக்கும்போதே விரிசல் நீண்டது. ஆட்களை வெளியேத்த ஆரம்பிச்சாங்க. ஆலையோட தீயணைப்புப் படை வந்து சேர்ந்த நேரம், டவர் முழுச் சுற்றா உடைஞ்சது. மேகமா பரவியிருந்த வாயு பத்திக்கிச்சு. டவரோட மேல் பாகம், 14 மீட்டர் நீளத் துண்டு, ராக்கெட் மாதிரி கிளம்பி ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் ஒரு மின் கோபுரத்தை அடிச்சுச் சாய்ச்சது. 17 பேர் இறந்தாங்க. தீயை அணைக்க வந்தவங்க பல பேர் அதுல உண்டு. அமெரிக்காவோட தேசிய தரநிலை அமைப்பு உடைஞ்ச துண்டுகளை எடுத்து ஆராய்ஞ்சது. விரிசல் ஆரம்பிச்ச இடம், 1974-ல போட்ட அந்த ரிப்பேர் வெல்டு ஓரத்து ஹாஸ்.

இந்தக் கேஸ்லேர்ந்து நான் புரிஞ்சுக்கிட்டது இது. வெல்டிங் ஹைட்ரஜனைக் கொண்டு வந்தாலும் ஆபத்து. கொண்டு வராட்டியும், பின்னாடி எப்பவோ வரப்போற ஹைட்ரஜனுக்கு ஒரு வீடு கட்டி வெச்சுட்டுப் போகும். இரண்டாவதுதான் மோசம். 48 மணி நேரம் காத்திருந்தா மாட்டிக்கிற விரிசல் இல்லை அது. அதுக்கப்புறம் அமீன் டவர்களுக்குன்னே தனி வழிகாட்டி வந்தது. இந்த மாதிரி சர்வீஸ்ல வெல்டோட கடினத்தன்மை பிரினெல் அளவுல 200-ஐத் தாண்டக் கூடாதுங்கிற விதி 70-கள்லயே பேப்பர்ல இருந்தது. பேப்பர்ல இருந்தது.

சரி, மணலிக்கு வருவோம். மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965 டிசம்பர்ல பதிவாச்சு. இந்திய அரசு, அமெரிக்காவோட ஆமோகோ, ஈரானோட தேசிய எண்ணெய் கம்பெனி மூணு பேர் கூட்டு. 1969-ல ஓட ஆரம்பிச்சது, வருஷத்துக்கு 25 லட்சம் டன். இன்னைக்குப் பேர் சி.பி.சி.எல்., கொள்ளளவு ஒரு கோடியே 5 லட்சம் டன். பக்கத்துலயே மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், 1966-ல பதிவாகி 1971-ல உற்பத்தி ஆரம்பிச்சது. ஒரு பக்கம் ஹைட்ரஜனை வெச்சு எண்ணெயைச் சுத்தம் பண்றாங்க. இன்னொரு பக்கம் ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா. இந்தியாவுல ஸ்டீல், ஹைட்ரஜன், வெல்டு மூணும் இவ்வளவு நெருக்கமா குடித்தனம் பண்ற இடங்கள் கம்மி.

அம்மோனியான்னதும் கார்ல் போஷை விட முடியாது. 1911-ல ஜெர்மனியில அவர் கட்டின அழுத்தக் குழாய்கள் 80 மணி நேரத்துல வெடிச்சுது. அறுத்துப் பார்த்தா, அதிக சூட்டுல ஹைட்ரஜன் ஸ்டீலுக்குள்ள போய் கார்பனோட சேர்ந்து மீத்தேனா மாறி, ஸ்டீலை உள்ளேயிருந்து உளுத்துப் போக வெச்சிருக்கு. இது நாம இவ்வளவு நேரம் பேசின நோய் இல்லை, அதோட பங்காளி. அது குளிர்ந்த பிறகு வர்றது, சில சமயம் ஹைட்ரஜன் வெளிய போயிட்டா சரியாகும். இது சூட்டுல வர்றது, சரியே ஆகாது. போஷ் உள்ளே கார்பன் இல்லாத மெத்து இரும்பால ஒரு லைனர் வெச்சு, வெளிக் குழாயில சின்னச் சின்ன ஓட்டை போட்டுக் கசியற ஹைட்ரஜனை வெளிய விட்டார். கேட்கறதுக்குப் பட்டறை வேலை மாதிரி இருக்கும். 1931-ல அவருக்கு நோபல் கிடைச்சுது.

பங்காளிக்கும் வெல்டு ஓரம்தான் பிடிச்ச இடம். 2010 ஏப்ரல் 2-ஆம் தேதி, வாஷிங்டன் மாநிலம், அனகோர்ட்டஸ். டெசோரோ சுத்திகரிப்பு ஆலையில 1972 காலத்து ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒண்ணு வெடிச்சு 7 பேர் இறந்தாங்க. விரிசல் இருந்தது ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்ணாத வெல்டுகளோட ஓரத்துல. எந்தச் சூட்டுல, எவ்வளவு ஹைட்ரஜன் அழுத்தத்துல எந்த ஸ்டீல் தாங்கும்னு 1949-லேர்ந்து நெல்சன் வரைபடம்னு ஒண்ணை எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. அதுப்படி பார்த்தா அந்த எக்ஸ்சேஞ்சர் பத்திரமான பக்கம்தான் இருந்திருக்கணும். பிற்பாடு அந்த வரைபடத்துல, ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்ணாத கார்பன் ஸ்டீலுக்குன்னு தனியா, இன்னும் கீழே ஒரு கோடு போட்டாங்க. அந்தக் கோடு வர 7 உயிர் ஆச்சு.

நம்ம நாட்டுலயும் இதுக்கான அறிவு ரொம்ப நாளா இருக்கு. திருச்சியில பெல் பாய்லர் ஆலை, அதோட 1975-ல வந்த வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம். கல்பாக்கத்துல இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல் வெல்டுல ஹைட்ரஜன் விரிசலை வருஷக் கணக்கா ஆராய்ஞ்சிருக்காங்க. ஸ்டீல்ல இருக்கிற கார்பன், மாங்கனீஸ், குரோமியம், நிக்கல் எல்லாத்தையும் ஒரே எண்ணா மாத்துற கார்பன் ஈக்விவலன்ட் ஃபார்முலாவை டிப்ளமோ படிச்ச தம்பிகளே வாய்ப்பாடு மாதிரி சொல்வாங்க. அந்த எண் 0.4-ஐத் தாண்ட ஆரம்பிச்சா ஜாக்கிரதை. பிளேட்டை முன்கூட்டியே 100, 150 டிகிரிக்குச் சூடு பண்ணிக்கணும். அறிவுக்குக் குறைச்சல் இல்லை.

குறையறது நேரம். இது என் சொந்தக் கருத்து. ஷட்டவுன்னா ஆலை நின்ன ஒவ்வொரு நாளும் நஷ்டம். அது எந்த ஆலையா இருந்தாலும். அந்த நெருக்கடியில முதல்ல சுருங்கறது எது? கண்ணுக்குத் தெரியாத வேலைதான். ப்ரீஹீட் பர்னரோட அரை மணி நேரம். ஓவன்ல ராடு கிடக்கிற ரெண்டு மணி நேரம். சோதனைக்கு முந்தின 48 மணி நேரம். அண்ணன் சொன்னார், "ஐப்பசி, கார்த்திகையில எண்ணூர் காத்து அடிக்கும்போது ராடைத் தொட்டாலே ஈரம் தெரியும்டா. க்விவருக்குக் கரண்ட் இல்லைன்னு ஒருத்தன் கையிலயே கட்டு கட்டா எடுத்துட்டு மேலே ஏறுவான். கேட்டா, 'வெல்டு நல்லாத்தானேண்ணா வருது'ம்பான்." நல்லாத்தான் வரும், அதுல பொய் இல்லை. அந்தப் பையன் காண்ட்ராக்ட்ல வந்தவன், விரிசல் வெளிய தெரியற அன்னைக்கு வேற ஊர்ல வேற சைட்ல இருப்பான். இதுக்கு அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? க்விவருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டியது அவன் இல்லை. ராடு பெட்டி மேல எழுதியிருக்கிறது எதுக்குன்னு அவனுக்குத் தமிழ்ல யாரும் சொன்னதும் இல்லை.

இப்போ ஏன் இதைப் பேசறேன்னா, ஹைட்ரஜன் குழாய்க்குள்ளேயிருந்து தெருவுக்கு வரப் போகுது. 2022 ஜனவரியில கெயில் நிறுவனம் இந்தூர்ல சிட்டி கேஸ் குழாய்ல ஹைட்ரஜனைக் கலந்து சோதிக்க ஆரம்பிச்சது. 2023 ஜனவரியில தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைச்சது, 19,744 கோடி ரூபாய். 2025 ஜூலையில பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல நாட்டோட முதல் ஹைட்ரஜன் ரயில் பெட்டியை ஓட வெச்சுச் சோதிச்சாங்க. ஹரியானாவுல ஜிந்த்-சோனிபட் பாதைக்காக. எழுபது வருஷத்துக்கு முன்னாடி ரிவெட்டை விட்டு வெல்டுக்கு வந்த அதே காம்பவுண்டு.

புதுசா கட்டுற டேங்க்கும் குழாயும் இதையெல்லாம் கணக்குல எடுத்துத்தான் கட்டுறாங்க. எனக்கு யோசனை பழைய குழாய் மேலதான். இயற்கை வாயுவுக்குன்னு முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னாடி வெல்டு பண்ணிப் புதைச்ச லைன்ல ஹைட்ரஜனைக் கலக்கணும்னா, கேட்க வேண்டிய கேள்வி குழாய் ஸ்டீல் என்ன கிரேடுங்கிறது மட்டும் இல்லை. ஒவ்வொரு ஜாயின்ட்லயும் ஹாஸ் எவ்வளவு கெட்டி, நடுவுல எந்த வருஷம் எந்த இடத்துல வெட்டி ஒட்டினாங்க, ஒட்டின அன்னைக்கு ப்ரீஹீட் பண்ணினாங்களா? அந்த ரெக்கார்டு எல்லாம் எங்கேயோ ஒரு இரும்பு பீரோவுல ஃபைல்ல இருக்கணும். கேட்கிறவங்கள்ல யாராவது அந்த மாதிரி ஃபைலைப் பராமரிச்சவங்க, இல்ல ரேடியோகிராஃபி ஃபிலிம் பார்த்தவங்க இருந்தா எழுதுங்க. உங்களோட உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசணும்.